மாட்டுக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு ஏன் இல்லை?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்பில் 58 பேர். முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். ஒரு கவிதையைப் பற்றி எழுதச் சொன்னால், கவிஞர் பிறந்த வருடம், இறந்த வருடம், கைடில் இருக்கும் சம்மரி, கடைசியில் ‘கவிஞர் மிக அழகாக வர்ணித்திருக்கிறார்’ என்று ஒரு வரி. நான்கு பக்கம் நிரம்பிவிடுகிறது. ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமே தடுமாறி எழுதுகிறவர்களிடம் அலசி எழுது என்று கேட்பது நியாயமா? முதலில் கிராமரைச் சரிசெய்ய வேண்டாமா? இப்போது அசைன்மென்ட்டுகளை வேறு ஏஐயிடம் கேட்டு அப்படியே எழுதி வருகிறார்கள். வழி சொல்லுங்கள் சார்.
– ஒரு விரிவுரையாளர், அரூர் பக்கம்

அன்புள்ள மேடம்,

அந்த முழியை நானும் 31 வருடம் பார்த்திருக்கிறேன். அது தெரியாத முழி என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த வரியை எழுதியது கைடுக்காரர். அவர் சொன்னதற்கு ‘ஏன்’ என்று இந்தப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

கைடைத் திட்டும் முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே நடமாடும் கைடுதான். மணி அடித்ததும் உள்ளே போவேன், நோட்ஸ் சொல்வேன், மணி அடித்ததும் வெளியே வருவேன். ஒருமுறை கீட்ஸ் இறந்த வருடம் 1821 என்பதை வாய் தவறி 1812 என்று சொல்லிவிட்டேன். தேர்வில் 43 தாளிலும் கீட்ஸ் 1812இல் இறந்துபோனார். அடுத்த பத்தியிலேயே 1819இல் தன் புகழ்பெற்ற ஓட் கவிதைகளை எழுதினார், செத்து ஏழு வருடம் கழித்து. ஒருவரும் ‘இது எப்படி சார்?’ என்று கேட்கவில்லை. தாள் திருத்தியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ராத்திரி படுத்த பிறகு வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருக்கப் பழக்கியது நான்தானே.

ஆக, உங்கள் பிள்ளைகளுக்கு அலசத் தெரியவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் கேட்கிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் ஏற்கெனவே செராக்ஸ் கடையில் இருக்கிறது. பதில் அச்சாகி இருக்கும் கேள்வியைக் கேட்டால் அச்சான பதில்தான் வரும்.

நீங்கள் இருப்பது அதியமான் ஆண்ட தகடூர் மண். ஆங்கிலக் கவிதைக்குப் போகுமுன் ஒரு வகுப்பை ஔவைக்குக் கொடுங்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை சொல்கிறார்: இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன, அங்கே எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன.

‘இது பாராட்டா, கிண்டலா?’ என்று கேளுங்கள். கிண்டல்தான் என்று வகுப்பே சொல்லும். ‘எந்தச் சொல்லில் கிண்டல் இருக்கிறது? காட்டு’ என்று கேளுங்கள். இப்போது கொஞ்சம் அமைதி வரும். அந்த அமைதியைப் பேசி நிரப்பிவிடாதீர்கள், வாயைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒருமுறை பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ‘வேலுக்கு எதுக்கு சார் மாலை? மாலை சாமிக்குத்தானே போடுவாங்க’ என்றாள். பின்வரிசைப் பையன் உடனே, ‘நெய் பூசியிருக்குன்னா அது வெளியவே போகலன்னு அர்த்தம்’ என்றான். தொண்டைமானைப் பற்றி ஒரு குறைச்சொல் கூடப் பாட்டில் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். ‘நீங்கள் இப்போது செய்ததற்குப் பெயர்தான் அனாலிசிஸ். ஆங்கிலத்தில் செய்வதும் இதேதான்’ என்று சொல்லிவிட்டு மணி அடிக்கும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பள்ளியில் தமிழ்த் தேர்வுக்கு ‘நயம் பாராட்டுக’ எழுதிப் பழகி வருகிறார்கள். திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை நயம், மோனை நயம், அணி நயம் என்று தலைப்பு போட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. அந்தச் சட்டத்தையே ஆங்கிலத்துக்கும் தூக்கி வருகிறார்கள்: இங்கே அலிட்டரேஷன் (முதல் ஒலி ஒத்து வருவது), இங்கே சிமிலி (உவமை), இங்கே பெர்சானிஃபிகேஷன் (உயிரற்றதை ஆளாக்கிப் பேசுவது). எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் இது ரேஷன் கடை இருப்புக் கணக்கு மாதிரி. அலிட்டரேஷன் இருக்கிறது, சரி, அதனால் என்ன? இந்த ‘அதனால் என்ன’வைத் தாளின் ஓரத்தில் எத்தனை முறை எழுதினாலும் தகும். நம் பழைய உரைகாரர்கள் இப்படி இல்லை. பரிமேலழகர் குறளில் வரும் ஓர் ‘உம்’முக்கு நின்று, இது இழிவு சிறப்பும்மை (தாழ்வை அழுத்திக் காட்டும் ‘உம்’), அதனால் பொருள் இப்படி மாறுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். நாம்தான் நடுவில் எங்கோ இருப்புக் கணக்குக்கு மாறிவிட்டோம்.

சரி, ஆங்கிலக் கவிதை. ஆங்கிலத்தில் எழுதிய நம் நாட்டுக் கவிஞர் ஏ.கே. ராமானுஜனின் ‘எ ரிவர்’ உங்கள் பாடத்தில் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் திருடி நடத்துங்கள். 1966இல் வந்த ‘தி ஸ்ட்ரைடர்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. மதுரை, வைகை, கோடையில் வற்றி மணலும் கல்லுமாகக் கிடக்கும் ஆறு. தென்பெண்ணையைக் கோடையில் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை மிதந்ததல்லவா, அந்த வெள்ளம் வடிந்து சில மாதம் கழித்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இந்தக் கவிதையை நடத்தக் கூப்பிட்டார்கள். கவிதையில் வெள்ளம் வருகிறது. தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியது, எத்தனை படிக்கட்டு மூழ்கியது என்று ஊரே பேசுகிறது. ஆறு அடித்துக்கொண்டு போனவற்றையும் பேசுகிறது: கிராமத்து வீடுகள் மூன்று, கர்ப்பிணி ஒருத்தி, கோபி, பிருந்தா என்று பெயர் கொண்ட மாடுகள் இரண்டு. கடைசியில் ‘ஆஸ் யூசுவல்’ என்று இரண்டு சொல், வழக்கம்போல.

கவிஞர் யார் என்று சொல்லவில்லை, பாஷையை மட்டும் ஒருமுறை புரியவைத்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: ‘இந்தப் பட்டியலில் உனக்கு ஏதாவது இடிக்கிறதா?’

ஊத்தங்கரையிலிருந்து வந்த பையன் முதலில் பேசினான். ‘எங்க ஊர்லயும் அப்படித்தான் சார். எல்லாரும் 50 சென்டிமீட்டர் மழை, 50 சென்டிமீட்டர் மழைன்னுதான் சொன்னாங்க. எத்தனை வண்டி அடிச்சிட்டுப் போச்சுன்னு சொன்னாங்க.’ அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண், எழுந்து நிற்காமலே, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: ‘மாட்டுக்குப் பேர் இருக்கு, அந்தப் பொண்ணுக்கு ஏன் இல்ல?’

அதோடு வகுப்பு கையைவிட்டுப் போய்விட்டது, நல்ல விதமாக. ‘வழக்கம்போல’ எதோடு சேரும் என்று சண்டை. மாடுகளுக்கு வழக்கமாக வைக்கிற பெயரா? இல்லை, வருடா வருடம் ஆறு இப்படி அடித்துக்கொண்டு போவதே வழக்கமா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. இரண்டாவது என்றால் ஒரு சாவு அங்கே வழக்கமாகிவிட்டது. இன்னொருவன் கவிதையின் கடைசிக்குப் போய்விட்டு வந்து, ‘சார், அங்க அதே பட்டியல் திரும்ப வருது. ஆனா மாடு முன்னாடி வந்துடுச்சு, அந்தம்மா பின்னாடி போயிட்டாங்க’ என்றான். உண்மைதான். இத்தனை வருடம் நடத்தியும் அந்த வரிசை மாற்றத்தை நான் ஒருநாளும் வகுப்பில் பேசியதில்லை. பையனிடம் அதைச் சொன்னேன். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவும் தமிழில்தான் நடந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். யோசிப்பதற்கும் ஆங்கிலம்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அவர்களுக்குத் தெரிந்த ஐம்பது வாக்கியத்துக்குள் அடங்குகிற யோசனை மட்டும்தான் வரும். ஆங்கிலம் தாளுக்கு வரும்போது வந்தால் போதும்.

தாளுக்கு வந்தபோது என்ன ஆனது என்று கேளுங்கள். ஆளுக்கு அரைத் தாள், கால் மணி நேரம், மூன்றே வாக்கியம். மாட்டுப் பெயரைக் கேட்ட அந்தப் பெண் எழுதியது இது: ‘தி கவ்ஸ் ஹேவ் நேம். தி வுமன் நோ நேம். போயட்ஸ் கவுன்ட் ஹெர் லைக் ஹவுஸ்.’

மூன்று வரியிலும் பிழை. ஆனால் மாட்டுக்குப் பெயர், அவளுக்கு இல்லை, ஆகவே அவள் ஓர் எண்ணிக்கை. கவிதையில் கண்ணால் பார்த்தது இரண்டு, அதிலிருந்து போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. பிழையே இல்லாத கைடு வாக்கியம் எதிலும் இது கிடையாது. உங்கள் ‘கிராமரா, அனாலிசிஸா’ கேள்விக்கு என் பதில் இந்த அரைத் தாள்தான். அவளிடம் முதலில் கிராமரைப் பேசவில்லை. ‘இப்படி எண்ணுவது கவிஞர்களா, ஊர்க்காரர்களா? ஒருமுறை பார்’ என்றேன். பார்த்துவிட்டு ‘பீப்பிள்’ என்று மாற்றினாள். அதன் பிறகு இரண்டாவது வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை என்று காட்டினேன். உடனே ‘ஹேஸ்’ போட்டாள். தனக்கென்று சொல்ல ஒன்று இருக்கும்போது, அது சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்ற அக்கறை தானாக வருகிறது. அப்போது சொல்லும் கிராமர் ஒட்டுகிறது. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வில் அவள் அதே ‘ஹேஸ்’ஐ நூறு முறை போட்டிருப்பாள், இங்கே வந்ததும் விட்டுவிட்டாளே. ஒரு தாளுக்கு இரண்டு பிழைக்கு மேல் திருத்தாதீர்கள். மீதி அடுத்த வாரம்.

அந்த மூன்று வாக்கியத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்றால், காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். அவன் அப்பா மாந்தோப்பு குத்தகை எடுப்பவர். ‘ஆதாரம் காட்டு, ஆதாரம் காட்டு’ என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: ‘பூவைப் பாக்காம தோப்புக்கு விலை சொல்றது மாதிரிங்களா சார்?’ அதேதான். விலை என்பது நீ சொல்லும் கருத்து. பூ என்பது கவிதையில் இருக்கும் சொல். இந்தப் பூவை வைத்து இந்த விலை எப்படி வந்தது என்பது மூன்றாவது வாக்கியம். அன்றிலிருந்து நான் தாள் ஓரத்தில் எழுதுவது இரண்டே சொல், தமிழில்: ‘பூ எங்கே?’ இதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் பயப்படுவதில்லை. ‘மிக அழகாக வர்ணித்திருக்கிறார்’ என்ற வரிக்கு மட்டும் என் வகுப்பில் தடை உண்டு. அழகு என்பது பூவே பார்க்காமல் சொன்ன விலை.

இதற்கு ஏற்ற கேள்விகளை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது நல்ல வழி, சில கவிதைகளில் அதைக் கவிஞரே செய்து வைத்திருக்கிறார். வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதை 1807இல் முதலில் அச்சானபோது அந்தப் பூக்கள் ‘கோல்டன்’ இல்லை, ‘டான்சிங்’. 1815 பதிப்பில்தான் ‘கோல்டன்’ ஆக்கினார். இரண்டு வடிவத்தையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, எது உனக்குப் பிடிக்கிறது, ஏன் என்று கேளுங்கள். ‘டான்சிங்’ அதே பத்தியில் இன்னொரு முறை வருகிறது, அதனால் எடுத்திருப்பார் என்பான் ஒருவன். சரியான ஊகம்தான். யாராவது ஒருவர் கீழே இறங்கிப் போய் ‘வெல்த்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் உங்களுக்கு யோகம்: தங்கம் மேலே இருக்கிறது, செல்வம் கீழே இருக்கிறது. டாஃபடில் பூவை நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லையே என்று பல ஸ்டாஃப் ரூம்களில் அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பூவைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

வாழ்க்கை வரலாற்றையும் முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை ஒரு சிக்கலாகக் கொண்டுவந்து போடுங்கள். 1802 ஏப்ரல் 15 அன்று ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது வேர்ட்ஸ்வொர்த் தனியாக இல்லை, தங்கை டோரத்தி கூடவே நடந்து வந்தார். அன்றைய நாட்குறிப்பில் அந்தப் பூக்களைப் பற்றி டோரத்தியே எழுதி வைத்திருக்கிறார். கவிதையோ ‘தனியாகத் திரிந்தேன்’ என்று தொடங்குகிறது. தங்கை எங்கே போனார்? ஏன் போக வேண்டியிருந்தது? பிறந்த வருடம் எழுதுகிற இடத்தில் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தால் அந்தப் பத்தியே வேறாகிவிடும்.

கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதையைக் கொடுப்பது புதிதல்ல. கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் அப்படித்தான் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார். அவற்றில் 13 கவிதைகளுக்கு வந்த பதில்களை வைத்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ வெளியிட்டார். பிரமாதமாகப் படித்து வந்த பிள்ளைகள், ஆங்கிலமே தாய்மொழியானவர்கள், எவ்வளவு தடுமாறினார்கள் என்று அதில் பார்க்கலாம். சோர்வு வருகிற நாளில் எடுத்துப் படியுங்கள், உங்கள் 58 பேர் மேல் பாசம் வரும்.

58 அரைத் தாளை எப்படித் திருத்துவது? எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். வாரம் 15 தாள், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். நான்கு வாரத்தில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு என்ன சம்பளம், எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். இதற்குமேல் செய்யுங்கள் என்று நான் சொன்னால் அது அநியாயம்.

ஏஐ விஷயத்தில் நான் போலீஸ் வேலை பார்க்கச் சொல்ல மாட்டேன். வகுப்பில், கையால், அரைத் தாளில் எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. வீட்டு அசைன்மென்ட்டுக்கு, ஏஐ எழுதிய பதில் ஒன்றை நீங்களே பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, எங்கெங்கே பூ இல்லாமல் விலை சொல்லியிருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டம் போடச் சொல்லுங்கள். கவிதையில் இல்லாத வரியை இருப்பதாகக் காட்டியிருந்தால் இன்னும் நல்லது. இதுவரை சிவப்பு மை அவர்கள் கைக்குப் போனதே இல்லை, கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

செமஸ்டர் தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். பக்கத்தை எண்ணி மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பேப்பர் திருத்தும் முகாமில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கட்டுக்குள் இருக்கும் தாள்கள் எல்லாம் ஒரே நோட்ஸ். கண் தானாக ஓடும், பத்தாவது தாளுக்கு மேல் கைதான் திருத்தும். அந்தக் கட்டின் நடுவே ஒரு பிள்ளை தானாக ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தால் கை நிற்கும், டீ ஆறிப்போகும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் படித்துக் காட்டுவோம். ஆனால் எல்லாத் தாளும் அப்படி ஒருவர் கையில் விழும் என்று உத்தரவாதம் தர முடியாது. அதனால் சமரசமாகப் போங்கள்: முதல் ஒரு பக்கம் சம்மரி இருக்கட்டும், பாதுகாப்புக்கு. அதன் கீழே இந்த மூன்று வாக்கியப் பத்திகள் இரண்டு. என் பிள்ளைகள் இப்படித்தான் எழுதினார்கள், மார்க் குறையவில்லை.

நாவலுக்கும் இது ஒத்துவருமா என்றால், வரும். முழு நாவலையும் எடுக்காதீர்கள், ஒரு பக்கம் போதும். சினுவா அச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ பாடத்தில் இருந்தால் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குங்கள். நாவல் முழுக்க நாம் கூட நடந்த ஒக்கொன்க்வோவுக்கு, தான் எழுதப்போகும் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும் என்று அந்த வெள்ளைக்கார அதிகாரி கணக்குப் போடுகிறான். ராமானுஜன் கவிதையை முடித்த கையோடு இதைக் கொடுத்தால், யார் யாரை எப்படி எண்ணுகிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.

முதல் சுற்று அரைத் தாள்கள் வந்ததும் ஐந்தாறு தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நன்றாக எழுதியதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம், மேலே இருப்பதை அப்படியே எடுங்கள். திருத்துவதற்கு முன்னால் எடுங்கள்.